பரந்தனில் ஒரு ரூபாய், சூரிச்சில் ஒரு பிராங்க்

இலங்கையர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் எவ்வளவு? 2023ஆம் ஆண்டுக்கு உலக வங்கியிடம் இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று, சுமார் 3,800 டொலர். மற்றது, 14,000 டொலருக்கு மேல். இரண்டும் சரியான விடைகள்தான். ஒரே நாட்டின் ஒரே ஆண்டு உற்பத்தியை அதே சனத்தொகைக்குப் பங்கிட்டதில் வந்தவை. முதலாவது, ரூபாயை வங்கி மாற்று வீதத்தில் டொலராக்கியது. இரண்டாவது, அந்த ரூபாய் இந்த நாட்டுக் கடைகளில் எவ்வளவு பொருளை வாங்கும் என்று பார்த்து ஆக்கியது. இதைத்தான் பொருளியலாளர்கள் கொள்வனவுச் சக்திச் சமநிலை என்கிறார்கள். கொழும்பு அரசியலுக்கு இரண்டும் உதவும். கடன் கேட்கும்போது முதல் எண்ணும், பெருமை பேசும்போது இரண்டாவது எண்ணும் வெளியே வரும்.

வடக்கின் வன்னியில் இந்தக் கணக்கை ஒருவரும் புத்தகம் பார்த்துப் படிக்கவில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது வட்ஸ்அப்பில் அது நடக்கிறது. ஸ்கார்பரோவில் இருக்கிற அக்கா முருங்கைக்காய் விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவா. இங்கே வேலியில் காய்த்துத் தொங்குவதைக் காட்டி அம்மா சிரிப்பா. பிறகு அக்கா அனுப்புகிற 200 கனேடிய டொலரில் இந்த வீட்டில் ஒரு மாதத்துச் சாமான் வந்துவிடும். அந்த 200 டொலர் அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு கிழமைச் சாப்பாட்டுக்கே இழுபறி. "அங்க காசு காசாத் தெரியாது" என்று வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் சொல்வது இதைத்தான்.

விலைகளை ஒப்பிட்டு நாணயங்களின் உண்மை மதிப்பைக் காணலாம் என்ற எண்ணத்துக்கு 1918இல் பெயர் வைத்தவர் சுவீடனின் குஸ்தாவ் கசல். அதை நாடு நாடாக விலை சேகரித்துச் செய்யும் வேலை 1968இல்தான் தொடங்கியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் இர்விங் கிராவிஸ், அலன் ஹெஸ்டன், ரொபர்ட் சமர்ஸ் ஆகிய மூவரும் ஐக்கிய நாடுகள் சபையுடன் சேர்ந்து ஆரம்பித்தார்கள். முதற் சுற்றில் பத்து நாடுகள். 2021ஐ ஆதாரமாகக் கொண்டு 2024 மே மாதத்தில் வெளியான சுற்றில் 176. இலங்கையில் விலைகளைத் திரட்டிக் கொடுப்பது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம்.

இனி நம் ஊர்க் கணக்கு. பரந்தனில் வயல் வேலைக்கோ மேசன் வேலைக்கோ போகும் ஒருவருக்கு நாட்கூலி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டொலர் 300 ரூபாய் என்றால் அது 8 டொலரும் சில்லறையும். கொள்வனவுச் சக்திக் கணக்கில் ஒரு டொலருக்குச் சமம் சுமார் 90 ரூபாய்தான். அப்படிப் பார்த்தால் அதே கூலி 28 டொலர் அளவுக்கு வருகிறது. அமெரிக்கக் கடைத்தெருவில் 28 டொலரோடு நிற்பவர் என்ன வாங்குவாரோ, அவ்வளவைப் பரந்தன்காரர் 2,500 ரூபாயில் வாங்குகிறார் என்பது இதன் பொருள். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009இலிருந்து மணிக்கு 7.25 டொலர். எட்டு மணி நேரத்துக்கு 58. அங்கே அடிமட்டத்தில் இருப்பவரின் பாதிக்கும் சற்றுக் குறைவு இவர். ஏழில் ஒரு பங்கு என்று மாற்று வீதம் சொன்னதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த 2,500 ரூபாயைக் கொண்டு அவர் எரிபொருள் நிலையத்துக்குப் போகட்டும். 2025இல் டீசல் லீற்றர் 280 ரூபாய் அளவில் நின்றது. அப்போது அமெரிக்காவிலும் ஒரு லீற்றர் டீசல் ஏறத்தாழ ஒரு டொலர். அங்கே 28 டொலருக்கு 28 லீற்றருக்குக் கிட்ட வரும். இங்கே அந்தக் கூலிக்கு ஒன்பது லீற்றரும் முழுதாக வராது. கொள்வனவுச் சக்தி கொடுத்த கொடை டீசல் தாங்கியின் முன்னால் அப்படியே காணாமற் போகிறது. யூரியா, களைகொல்லி, உழவு இயந்திரத்தின் உதிரிப்பாகம், கைத்தொலைபேசி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இதே கதை. இவற்றுக்கு உலக விலை. அதற்கு மேல் இலங்கையின் வரி. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிய எவரிடமும் இலங்கை மலிவான நாடு என்று சொல்லிப் பாருங்கள்.

அப்படியானால் எதுதான் மலிவு? முடிவெட்டு மலிவு. சோற்றுப் பார்சல் மலிவு. ஓட்டோ, ரியூசன், தையற்கூலி, வீட்டு வாடகை எல்லாம் மலிவு. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். மலிவாக இருப்பவை பெரும்பாலும் மனித உழைப்பு. சூரிச்சில் முடிவெட்டப் பல பத்துப் பிராங்க் வேண்டும். கிளிநொச்சியில் சில நூறு ரூபாய். கத்திரிக்கோல் ஒன்றுதான், எடுக்கிற நேரமும் ஒன்றுதான், கிளிநொச்சிக்காரரின் கைத்திறன் கூடவாகவும் இருக்கலாம். வித்தியாசம் கத்திரிக்கோலைப் பிடித்திருப்பவரின் வருமானத்தில். இதை 1964இல் பேலா பலாசா, போல் சாமுவல்சன் என்ற இருவரும் தனித்தனியாக விளக்கினார்கள். ஏற்றுமதிக்கான பொருட்களை உற்பத்தி செய்வதில் ஒரு நாடு வல்லமை பெறும்போது அங்கே கூலி ஏறுகிறது, கூலி ஏறினால் முடிவெட்டுக்காரரின் கூலியும் கூடவே ஏறுகிறது. சுவிஸில் நடந்தது அது. அதனால்தான் சுவிஸின் தலைக்குரிய வருமானம் கொள்வனவுச் சக்தியில் கணக்கிடும்போது குறைந்து வருகிறது, இலங்கையின் வருமானம் கூடி வருகிறது.

கொள்வனவுச் சக்தி எண்ணை வாசிக்கும்போது எனக்கு இடறுவது இந்த இடம்தான். 3,800 டொலருக்கும் 14,000 டொலருக்கும் இடையிலுள்ள 10,000 டொலர் எங்கிருந்து வந்தது? குறைந்த கூலிக்கு வேலை செய்யும் ஆட்களிடமிருந்து. அவர்களின் உழைப்பைப் பொதுவான சர்வதேச விலைக்கு மதிப்பிட்டு, அந்த மதிப்பை நாட்டின் வருமானத்தில் சேர்த்திருக்கிறார்கள். கணக்காக அது நேர்மையானது. ஆனால் அந்த 10,000இன் நன்மை மலிவு உழைப்பை வாங்குகிறவருக்குப் போகிறது. வேலைக்கு ஆள் வைக்கும் கொழும்பு மத்தியதர வீட்டுக்கு இலங்கை உண்மையிலேயே மலிவு. தானே வேலையாளாக இருக்கும் வீட்டுக்கு அந்த மலிவில் என்ன இலாபம்? விசுவமடுவில் நாட்கூலிக்குப் போகும் பெண் வேலைக்காரி வைத்துக்கொள்வதில்லை. அவளுடைய செலவின் பெரும் பகுதி சாப்பாடு. அரிசி, சீனி, மா, பருப்பு, எண்ணெய். சாப்பாடு முடிவெட்டு அளவுக்கு மலிவில்லை. அரிசியைத் தவிர மற்றவை பெரும்பாலும் கப்பலில் வருபவை.

இதே கதையின் மறுபக்கம் கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பக்கம் தெரியும். போருக்குப் பிறகு வந்த ஆடைத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். விடிய ஐந்து மணிக்கே புதுக்குடியிருப்பு வரையிலிருந்து பஸ்கள் அவர்களை ஏற்றி வருகின்றன. 2025 ஏப்ரலில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய் ஆக்கப்பட்டது. ஐரோப்பாவில் ஓடர் கொடுப்பவரின் கண்ணுக்கு அது 90 டொலர், மாற்று வீதக் கணக்கு. உலக வங்கியின் கண்ணுக்கு அது 300 டொலர் அளவு, கொள்வனவுச் சக்திக் கணக்கு. வேலைக்கு எடுப்பவர் 90ஐப் பார்த்து எடுக்கிறார், வறுமையை அளப்பவர் 300ஐப் பார்த்துத் தேறிவிட்டார்கள் என்கிறார். ஒரே சம்பளக் கவர்.

ரூபாய்க்குள் ரூபாய்

நாட்டுக்கு நாடு விலை வேறுபடுவதைச் சொல்ல இத்தனை புள்ளிவிபரங்கள் உண்டு. ஒரே நாட்டுக்குள் ஒரே ரூபாய்க்கு வேறு வேறு பெறுமதி இருந்ததை வன்னி உடம்பால் அறிந்திருக்கிறது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய கையோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, இரும்பு, உரம், சவர்க்காரம் எனத் தடைப் பட்டியல் நீண்டது. நெருப்புப் பெட்டியும் மெழுகுதிரியும்கூடக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து இடப்பெயர்வு. அதற்குப் பிறகு வன்னியின் சனத்தொகை வீங்கியது, சாமான் வரும் வழியோ இன்னும் ஒடுங்கியது. வவுனியாவில் ஒரு விலை, ஓமந்தையைத் தாண்டினால் பல மடங்கு. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தார்கள். பற்றரி இல்லாத வீட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பிபிசி தமிழோசை கேட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் அரசாங்க உத்தியோகத்தருக்கு வன்னியிலும் கொழும்பின் அதே சம்பள அளவுதான். கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர் கைநீட்டி வாங்கிய ஒவ்வொரு ரூபாய்த்தாளிலும் அதே படம், அதே கையெழுத்து. ஆனால் கொழும்பில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குச் சரியான காசு இங்கே ஒரு விளக்குக்குப் போதாது. கொள்வனவுச் சக்தி என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்காமலேயே, இரண்டு நாடுகளுக்கிடையில் இருக்கவேண்டிய வித்தியாசம் ஒரு சோதனைச்சாவடிக்கு இருபுறமும் இருந்தது. 2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்தபோது விலைகள் சடாரென்று விழுந்தன, சில பதுக்கல்காரர்கள் நொடித்துப் போனார்கள். 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட மறுபடியும் ஏறின. 2009இல் போரின் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்கால் மணலில் விலை என்ற ஒன்றே அர்த்தம் இழந்தது. கழுத்திலிருந்த பவுணைக் கழற்றிக் கொடுத்தும் அரிசி கிடைக்காத நாட்கள் அவை. இன்று மே 18இல் ஊர் ஊராகக் காய்ச்சும் உப்புக்கஞ்சி அந்த நாட்களின் நினைவு.

இதெல்லாம் நாட்டின் சராசரியில் எங்கே பதிந்தது? பதியவே இல்லை. குடித்தன வருமான, செலவின ஆய்வுதான் வறுமையை அளக்கும் அரசின் கருவி. 2002 ஆய்வு வடக்கு, கிழக்கை விட்டுவிட்டது. 2006/07 ஆய்வு வடமாகாணம் முழுவதையும் விட்டுவிட்டது. 2009/10இல் வவுனியாவும் யாழ்ப்பாணமும் உள்ளே வந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் வெளியே நின்றன. அந்த ஆண்டுகளில் இலங்கையின் வறுமை வேகமாகக் குறைகிறது என்று வெளிவந்த ஒவ்வொரு அறிக்கையும் மிக வறிய இடத்தைப் பார்க்காமல் எழுதப்பட்ட அறிக்கை. போர் நடந்த இடத்துக்குக் கணக்கெடுப்பவர் போக முடியாது என்பது நியாயமே. போக முடியாத இடத்தின் பெயரையும் நாட்டின் சராசரியில் சேர்த்துப் பேசியதுதான் நியாயமில்லாதது.

2012/13இல் முதல் தடவையாக எல்லா மாவட்டங்களும் வந்தன. நாட்டின் வறுமை 6.7 சதவீதம். முல்லைத்தீவு 28.8, நாட்டிலேயே அதிகம். கிளிநொச்சி 12.7. வவுனியா 3.4. அடுத்த ஆய்வு 2016இல். நாடு 4.1 சதவீதத்துக்கு இறங்கியது. முல்லைத்தீவு 12.7க்கு இறங்க, கிளிநொச்சி 18.2 ஆகி முதலிடத்துக்கு வந்தது. வவுனியா 2.0. பிறகு 2019. முல்லைத்தீவு 44.5 சதவீதம்!

மூன்று ஆண்டில் முல்லைத்தீவில் என்ன நடந்தது? சூறாவளியும் இல்லை, போரும் இல்லை. மாறியது வறுமைக்கோடு. 2016இல் ஒருவருக்கு மாதம் 4,166 ரூபாய் என்று இருந்த கோட்டை, புதிய நுகர்வுக்கூடையை வைத்துத் திருத்தி, 2019க்கு 6,966 ரூபாய் என்று வைத்தார்கள். நாட்டின் வறுமையும் அதனால் 14.3 சதவீதமாகத் தெரிந்தது. கோடு உயர்ந்தபோது மற்ற மாவட்டங்களில் சிலர் உள்ளே வந்தார்கள், முல்லைத்தீவில் ஊரே உள்ளே வந்தது. 2016இல் "வறுமையற்றவர்" என்று எண்ணப்பட்டவர்களில் பலர் பழைய கோட்டுக்கு ஒரு சாண் மேலேதான் நின்றிருந்தார்கள் என்பதே இதற்கு அர்த்தம். ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ இருந்த எவருக்கும் இது புதினமாக இருந்திராது. 1,00,000 பேருக்கும் குறைவானோர் இருந்த மாவட்டம் அது (2012 தொகைமதிப்பில் 92,238). மாதிரியும் சிறிது, ஒரு நல்ல காலபோகமோ ஒரு வறட்சியோ எண்ணைப் பல புள்ளிகள் ஆட்டிவிடும்.

உலக வங்கியின் சர்வதேச வறுமைக்கோடும் இப்படித்தான் நகர்கிறது. 1990இல் நாளுக்கு ஒரு டொலர் என்று தொடங்கி 1.25, 1.90, 2.15 என்று ஏறி, 2025 ஜூனில் 3 டொலர் ஆகியது. எல்லாம் கொள்வனவுச் சக்தி டொலர்கள். இலங்கை போன்ற நாடுகளுக்குப் பொருத்தமானதென்று அதே வங்கி 3.65 டொலர்க் கோடு ஒன்றையும் வைத்திருந்தது. அந்தக் கோட்டின்படி 2019இல் இலங்கையில் 11 சதவீதமாக இருந்த வறுமை, பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2023இல் 25.9 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். நாலில் ஒருவர். 14,000 டொலர் நாட்டில்.

அரசின் வறுமைக்கோடு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. கொழும்புக்கு மிகக் கூட, மொனராகலைக்கு மிகக் குறைய, இரண்டுக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு சதவீத வித்தியாசம். நாட்டுக்குள்ளே செய்யும் கொள்வனவுச் சக்திக் கணக்கு என்று இதைச் சொல்லலாம், நல்ல வேலை. 2024இல் நாட்டுக்கான கோடு ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாய் அளவில் நின்றது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 64,000. மேலே சொன்ன பரந்தன்காரர் மாதம் 25 நாள் வேலை செய்தால் 62,500. மாரி மழையில் 25 நாள் வேலை எங்கே கிடைக்கும்? பெண்ணுக்கு அந்தக் கூலியும் இல்லை. வன்னியில் பெண் ஒருவரே உழைத்துக் குடும்பம் நடத்தும் வீடுகள் எத்தனை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வீட்டுத் தேங்காயும் கடன் சோறும்

ஆய்வுக்கு வருகிறவர் சந்தைச் செலவை மட்டும் எழுதுவதில்லை. சொந்த வயலின் நெல், வளவுத் தேங்காய், வலையில் பட்ட மீன் எல்லாவற்றையும் ஊர் விலைக்கு மதித்து வருமானத்தில் சேர்ப்பார். அது சரியான முறைதான். சேர்க்காவிட்டால் கமக்காரர் எல்லோரும் ஓட்டாண்டிகளாகத் தெரிவார்கள். ஆனால் 2024 கடைசியில் தேங்காய் 200 ரூபாயைத் தொட்டபோது, அதே மரத்தில் அதே காயைப் பறித்துச் சம்பல் அரைத்த வீட்டின் வருமானம் தாளில் ஏறியிருக்கும். வீட்டுக்காரருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

கேப்பாப்புலவில் 2017இல் சனம் இராணுவ முகாமின் வாசலில் மாதக்கணக்கில் இருந்து தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டது. உள்ளே நின்றவை அவர்கள் வைத்த தென்னைகள். தன் மரத்துத் தேங்காயைத் தின்றவர் இப்போது கடையில் வாங்கித் தின்கிறார். நுகர்வுக் கணக்கில் இரண்டும் ஒரே தேங்காய், ஒரே விலை. பறித்துத் தின்றவர் வாங்கித் தின்பவராக மாறியதைப் பதிய அந்தப் படிவத்தில் கூடு இல்லை.

வீட்டையும் எடுத்துக்கொள்வோம். சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாகப் பாவித்து அந்தத் தொகையையும் வருமானத்தில் சேர்ப்பது உலக வழக்கம், இலங்கையிலும் உண்டு. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு, கிழக்கில் 46,000 வீடுகள். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு 5,50,000 ரூபாய். வன்னியின் ஒழுங்கைகள் பலவற்றில் இன்று நிற்கும் கல்வீடுகள் அந்தக் காசில் எழுந்தவை. தறப்பாளுக்குள் இருந்தவர்களுக்கு அது பெரிய விஷயம், அதில் மறுபேச்சு இல்லை. சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டதில் விலை ஏறியது. காசு போதாமல் பலர் கடன்பட்டார்கள், நகையை அடகு வைத்தார்கள். தாளில் அவர்களுக்கு வாடகை வருமானம் உண்டு. கையில் தவணை அட்டை உண்டு.

கடன் இன்னும் விசித்திரமான விதத்தில் கணக்கைக் கெடுக்கிறது. வறுமை நுகர்வால் அளக்கப்படுகிறது. நுண்கடன் கம்பனியிடம் வாங்கி ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்ட வீடு அந்த மாதத்தில் கோட்டுக்கு மேலே நிற்கும். திங்கட்கிழமை ஒரு கம்பனி, செவ்வாய்க்கிழமை இன்னொன்று என்று கிழமைக் கடன் வன்னிப் பெண்களைத் துரத்திய கதை ஊரறிந்தது. தவணைக்காரர் வரும் நேரம் பார்த்து வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குள் போயிருந்தவர்கள் இருக்கிறார்கள். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே இறங்கவேண்டி வந்தது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி தம் அறிக்கையில் இந்தக் கடன்களை விசேடமாகக் குறிப்பிட்டார்.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் சராசரியின் குழப்பம் இன்னும் தெளிவாகும். தலைக்குரிய வருமானத்தில் இலங்கை இந்தியாவுக்கு மேல், எந்தக் கணக்கில் பார்த்தாலும். ஆனால் 2022 மார்ச் 22ஆம் திகதி வடக்கிலிருந்து 16 பேர், குழந்தைகளோடு, படகில் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள். அரிசி வாங்க முடியவில்லை என்றார்கள். மேலே இருக்கும் நாட்டிலிருந்து கீழே இருக்கும் நாட்டுக்கு யாராவது பசிக்குப் போவார்களா? போனவர்கள் இலங்கைச் சராசரியின் ஆட்கள் இல்லை. போய்ச் சேர்ந்ததும் இந்தியச் சராசரி இல்லை, தமிழ்நாடு. ரேசன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலம்.

அந்த 2022ஐப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். மார்ச் வரையில் 200 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர் மே மாதத்தில் 360க்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு 94.9. முல்லைத்தீவுக் கடற்றொழிலாளிக்கு வந்த அடி ஓகஸ்டில். ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. அதற்கு முதல் வருடம்தான் இரசாயன உரத்துக்கு இறக்குமதித் தடை போட்டுக் கமக்காரரை விழுத்தியிருந்தார்கள். இரணைமடுத் தண்ணீர் நிறைந்து நிற்க, யூரியா இல்லாமல் மஞ்சள் பாரித்த வயல்களைக் கிளிநொச்சியில் பார்த்தோம்.

அதே மாதங்களில் வேறொரு வீட்டில் வேறொரு கதை. வருடத் தொடக்கத்தில் ஒரு சுவிஸ் பிராங்குக்கு 220 ரூபாய் கிடைத்தது, நடுப்பகுதியில் 370. தம்பி சூரிச்சிலிருந்து மாதாமாதம் அனுப்பிய 300 பிராங்கில் ஒரு சதமும் கூடவில்லை. இங்கே அது 66,000இலிருந்து 1,11,000 ஆகியது. விலையும் ஏறியதுதான், ஆனாலும் அந்த வீடு தாக்குப்பிடித்தது. வங்கி வீதம் பிடித்து வைக்கப்பட்டிருந்த காலத்தில் உண்டியல்காரர் கூடக் கொடுத்தார், சனம் உண்டியலுக்குப் போனது. நாட்டுக்கு வங்கி வழியாக வந்த பணம் 2021இல் 5.5 பில்லியன் டொலராகக் குறைந்து, 2022இல் 3.8 பில்லியனுக்கு விழுந்தது அதனால்தான். பக்கத்துப் பக்கத்து வளவு, ஒரே கடை, ஒரே விலை. ஒரு வீட்டுக்கு வருமானம் பிராங்கில், மற்ற வீட்டுக்கு ரூபாயில். கிராமத்துச் சராசரி இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கும்.

கொள்வனவுச் சக்திக் கூடையில் அரிசி உண்டு, முடிவெட்டு உண்டு, வாடகை உண்டு. காணி இல்லை. காணி வாங்குவது நுகர்வு இல்லை என்பது பொருளியல் விதி, ஆகவே எந்த நாட்டுக்கும் அது சேர்க்கப்படுவதில்லை. வன்னியில் ஒரு இளம் குடும்பத்துக்குத் தேவைப்படும் மிகப் பெரிய பொருள் அதுதான். ஏ9க்குக் கிட்டவாக ஒரு பரப்புக் காணி 5,00,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். 2,500 ரூபாய் கூலிக்காரருக்கு அது 200 நாள் உழைப்பு, அதுவும் ஒன்றும் தின்னாமல் குடிக்காமல். சுவிஸ் உணவகச் சமையலறையில் பயிற்சி இல்லாத தொழிலாளிக்கான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,700 பிராங்க் அளவு. பிராங்க் 370 ரூபாய் என்றால் அந்தப் பரப்புக்கு வேண்டியது 1,350 பிராங்க், மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. சூரிச் வாடகை, காப்புறுதி எல்லாம் கட்டி அவர் கையில் மிஞ்சுவது சொற்பம்தான். சுவிஸ் விலையில் அவரும் கஷ்டப்படுபவர், அதைக் கொள்வனவுச் சக்தி எண் சரியாகவே சொல்கிறது. ஆனால் மிஞ்சிய அந்தச் சொற்பத்தோடு அவர் கிளிநொச்சிக் காணிச் சந்தைக்குள் நுழையும்போது அங்கே நிற்கும் எல்லோரையும்விடப் பெரிய ஆள்.

போகவா இருக்கவா என்று யோசிக்கிற இருபத்துமூன்று வயதுப் பொடியன் செய்கிற கணக்கும் இதுதான். அவனுக்குப் பொருளியலாளர் சொல்லக்கூடும்: அங்கே விலை கூட, இங்கே விலை குறைய, வாழ்க்கைத்தர வித்தியாசம் நீ நினைக்கிற அளவு இல்லை, அமெரிக்கக் கூலியில் ஏழு மடங்கு என்று தெரிவது உண்மையில் இரண்டு மடங்குதான். அங்கே உழைத்து அங்கேயே செலவழிப்பவனுக்கு அது சரி. இவன் அங்கே உழைத்து இங்கே செலவழிக்கப் போகிறவன். அக்காவின் கலியாணம், அப்பாவின் உழவு இயந்திரத் தவணை, ஒரு பரப்புக் காணி எல்லாம் இங்கே இருக்கின்றன. அவனுக்கு வேண்டியது மாற்று வீதம். அங்கே ஒரு அறையில் நாலு பேரோடு படுத்து, சமைத்துத் தின்று, விலை கூடிய நாட்டில் விலை குறைந்தவனாக வாழ்வான். அப்படி மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு பிராங்கையும் 370ஆல் பெருக்குவான். ஏஜென்சிக்குக் கட்டும் இலட்சங்களையும் அவன் அதே 370ஆல்தான் வகுத்துப் பார்க்கிறான். எத்தனை மாதத்தில் அடைக்கலாம் என்று.

2022இல் இலங்கையிலிருந்து வேலைக்காக வெளிநாடு போகப் பதிந்தவர்கள் 3,11,000 பேர். அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை பேர் போனதில்லை. அது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் எண். மாணவர் விசாவில் போனவர்களும் ஏஜென்சி வழியாகப் பாதி உலகத்தைச் சுற்றிப் போனவர்களும் படகில் ஏறியவர்களும் அதற்குள் இல்லை.